பக்கம் முழுசா வந்தாச்சா?

"அதான் ஒரு கண்ணு ஆபரேஷன் பண்ணியாச்சே, அதாலயாவது பார்த்து அழுத்தக் கூடாதாப்பா?"

கண் ஆஸ்பத்திரி கவுண்டர் முன்னால், வரிசையில் நின்றவர்கள் காதுபட மகன் அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தான்.

அப்பா தையல்காரர். இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். போனில் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தைத் திறந்து 'உறுதி செய்' பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. மனுஷன் 'ரத்து செய்'யை அழுத்தித் தொலைத்துவிட்டார். இனிமேல் இரண்டு மாதம் கழித்துத்தான் என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். அதுவரை ஊசியில் நூல் கோர்க்கக்கூட ஆள் தேட வேண்டியதுதான்.

மகனுக்குக் கோபம் வராதா என்ன? அந்த இணையப் பக்கத்தைச் செய்த இன்ஜினியரே அவன்தான். இரண்டே விநாடியில் திறக்கிறது என்று ஆபீஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறவன்.

"எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியலப்பா" என்றார் அப்பா.

மறுநாள் ஆபீஸில் அவன் மேஜை முன்னால் வந்து நின்றாள் பக்கங்களைச் சோதித்துப் பார்க்கிறவள். எதற்கும் அவசரப்படாதவள். அவளுக்கு இவன் வைத்த பேரே ஆமை. பக்கம் முழுசாக வருவதற்கு முன்பே பட்டன் வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது என்றாள்.

இவனுக்குச் சுருக்கென்றது. எழுத்தும் பட்டனும் வந்ததுமே பக்கம் தயார் என்று பிரவுசரே சொல்கிறது, அப்புறம் எதற்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்று எகிறினான்.

அவள் ஒரு பழைய போனை நீட்டினாள்.

"உறுதி செய், அழுத்துங்க."

பக்கம் திறந்தது. இரண்டு பட்டனும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. விரலைக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்து மேலே ஆஸ்பத்திரியின் விளம்பரப் படம் மெதுவாக வந்து இறங்கியது. பக்கம் மொத்தமும் ஒரு பட்டன் அளவு கீழே நகர்ந்தது. மேலே இருந்த 'ரத்து செய்' நேராக அவன் விரலுக்கடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

'உங்கள் தேதி ரத்து செய்யப்பட்டது.'

அவள் ஒரு பட்டியலை வைத்தாள். ஒரே வாரத்தில் பதினோரு பேர், எல்லாருமே பக்கம் திறந்த சில விநாடிகளுக்குள் ரத்து செய்தவர்கள். மூன்றாவது வரியில் அப்பா பேர்.

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டான். படமெல்லாம் வந்து, திரையில் எதுவும் அசையாமல் ஒரு விநாடி நின்ற பிறகுதான் இனி பட்டன் வேலை செய்யும். தப்பு தன்னுடையது, கண்டுபிடித்தது அவள் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினான். பதினோரு பேருக்கும் இந்த வாரமே ஆபரேஷன் என்று பதில் வந்தது.

பக்கம் மெதுவாகிவிட்டதே என்று முகத்தைச் சுளித்த மேலதிகாரியிடம், "இப்பத்தான் சார் ஒழுங்கா வேலை செய்யுது" என்றான். சொல்லும்போது அவனுக்கே பெருமையாக இருந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டான்.

"தப்பு உங்க மேல இல்லப்பா. என் மேல."

"தெரியும்டா. பட்டன் இடம் மாறினதை நான்தான் பார்த்தேனே."

"அப்புறம் ஏம்பா கண்ணு தெரியலன்னு சொன்னீங்க?"

"வரிசையில நின்னவங்க எல்லார்கிட்டயும், இந்தப் பக்கம் என் பையன் செஞ்சதுன்னு அப்பத்தான்டா சொல்லி முடிச்சிருந்தேன்."