பழைய கார் போன இடம்

மாமனாரின் பழைய கார் நகர்ந்தால்தான் மருமகளின் புது பேட்டரி காரை உள்ளே விட முடியும். நகர்த்தத்தான் அவர் விடவில்லை.

ஓட்டுவதும் இல்லை, கொடுத்துத் தொலைப்பதும் இல்லை. டயர்கள் தரையோடு உட்கார்ந்து, கதவோரமெல்லாம் துரு தின்று, போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு கிடந்தது அது.

மருமகள் தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னாள். இனிமேல் புகை இல்லை, இரைச்சல் இல்லை, ஊருக்கே நல்லது என்றாள். அவரும் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில், "அது பாட்டுக்கு ஓரமா கிடக்கட்டும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

அம்மா ஞாபகம், அதனால்தான் விட மனசு வரவில்லை என்றான் கணவன். மாமியார் போய்ச் சேர்ந்ததிலிருந்து பெரியவர் அந்தக் காரை யாரையும் தொட விடுவதில்லை. வீடு முழுக்க அத்தையின் படம் இருக்கும்போது இந்தத் தகர டப்பா எதற்கு என்று மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கண் டாக்டரிடம் போயிருந்த ஒரு காலையில் காரியத்தை முடித்துவிட்டார்கள். ஆள் வந்தான், சங்கிலி மாட்டி இழுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்த பெரியவர் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போடப் போகிறார் என்று மருமகள் பதிலோடு தயாராக இருந்தாள்.

"எங்கே கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டி உடைக்கிற யார்டுக்குத்தான் மாமா. இந்த ஊருக்கு அது ஒண்ணுதானே இருக்கு."

வந்த செருப்போடு அப்படியே திரும்பி நடந்தார். சாப்பாட்டுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மாமியாரின் தங்கை போனில் கூப்பிட்டாள். பெரியவர் தன் வீட்டில்தான் இருக்கிறார், கவலைப்பட வேண்டாம் என்றாள்.

மருமகளுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "ஒரு ஓட்டை வண்டிக்காக இப்படியா சின்னத்தை? அத்தையை நினைச்சா எங்களுக்கு மட்டும் வருத்தம் இல்லையா?"

சின்னத்தை அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"யார்டோட பின்சுவரை ஒட்டித்தான்மா எங்க வீடு. வண்டியை உடைக்கிறப்போ எண்ணெய், ஆசிட் எல்லாத்தையும் மண்ணுலயே விட்டுடறாங்க. அது எங்க கிணத்துல இறங்கிடுச்சு. என் பொண்ணுக்குக் கிட்னி போனது அந்தத் தண்ணியாலதான்னு டாக்டர் சொன்னாரு. அவளை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு அக்கா அத்தான்கிட்ட வாக்கு வாங்கினா, நம்ம வீட்டு வண்டி மட்டும் அங்கே போகவே கூடாதுன்னு."

மாமா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மருமகள் மெல்லக் கேட்டாள்.

"புது வண்டி வாங்கற நேரத்துல சின்னஞ்சிறுசுங்க மனசு வாடக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டாராம்." சின்னத்தையின் குரல் இறங்கியது. "வந்ததுலேர்ந்து கிணத்தடியிலயே உட்கார்ந்திருக்காரு. என் மேலதான் தப்பு, மன்னிச்சுடும்மான்னு என்கிட்ட சொல்லிச் சொல்லி அழறாரு. நீ வந்து கொஞ்சம் சமாதானம் சொல்லேன்."