நீலச் செருப்பு

ஏரிக்கரை நடைபாதை ஐயனார் முன்னால் போவதால், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் திரும்பிய பிறகும் தினமும் ஒரு ஜோடி நீலச் செருப்பு மிஞ்சும். காவலுக்கு இருக்கும் ஆண்டாயி, யாரோ உள்ளே நின்றுவிட்டார்கள் என்று ஏரியை ஒரு சுற்றுச் சுற்றித் தேடுவாள். ஒருவரும் இருக்கமாட்டார்கள். விடிந்தால் செருப்பும் இருக்காது.

இன்று அவளுக்கு முட்டிவலி. கேட்டில் நின்றபடியே கத்தினாள்.

"நடந்தது போதுங்க, வூட்டுக்கு வாங்க. என்னால தேட முடியல."

கேட்டைப் பூட்டிவிட்டு வரதராஜன்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

தனியாக அவள் குடியிருக்கும் வீடு, பூட்டியது பூட்டியபடி இருந்தது. வாசலில் நீலச் செருப்பு கிடந்தது. உள்ளே யாரோ நிதானமாகத் தண்ணீர் மொண்டு கால் கழுவும் சத்தம் கேட்டது.

ஆண்டாயி தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றிப் போட்டாள்.