பக்கத்து அறை டாக்டர்

"இன்னிக்கும் அந்தம்மா ரூம்ல எல்லாரும் பாஸாமே?"

டீ கிளாஸை மேஜையில் வைத்த அட்டெண்டர் தலையாட்டினார். "ஆமா சார். மத்தியானத்துக்குள்ள வரிசையே காலி. பசங்க கும்பிட்டுட்டுப் போறாங்க."

"சரி சரி, நீ வேலையைப் பாரு."

பெரிய டாக்டருக்குக் காதில் புகை வராத குறை. ராணுவத்தில் சேர வருகிற பையன்களுக்கு உடல் பரிசோதனை செய்யும் நிலையம் அது. ரத்த அழுத்தம் பார்க்க இரண்டு அறைகள். ஒன்றில் வருஷக்கணக்காக இவர். இன்னொன்றில் போன வருஷம் வந்து சேர்ந்த சின்ன டாக்டர்.

இவர் அறையில் பாதிப் பேருக்கு அழுத்தம் அதிகம் என்று வரும். மறுபரிசோதனைக்கு ஒரு மாசம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர்கள் கூட்டாளிகள் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். ஏன் இத்தனை தாமதம் என்று மேலிடம் குடைந்துகொண்டே இருந்தது.

பக்கத்து அறையில் அந்தப் பிரச்னையே இல்லை. அதுதான் இவருக்கு வயிற்றெரிச்சல்.

போதாததற்குத் தலைமை டாக்டர் அடுத்த மாசம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பி, அறைக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்பதுவரை இவர் யோசித்து வைத்திருந்தார். இப்போது நேற்று வந்தவள் தட்டிக்கொண்டு போய்விடுவாள் போலிருக்கிறது.

ஆள் சேர்ப்புக்கும் தலைமை டாக்டரைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொறுப்பான மேஜர் அன்று வந்ததும், இவர் அவரைத் தனியாக ஓரங்கட்டினார்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க சார். அந்தம்மா பாக்காமலே பாஸ் போடுறாங்க. நாளைக்கு எவனாவது மலையேறும்போது மயங்கி விழுந்தா யாருக்குக் கெட்ட பேரு?"

மேஜர் கையிலிருந்த பட்டியலைப் பிரித்தார். "பாத்துடலாமே. இன்னிக்கு அவங்க பாஸ் போட்ட மூணு பசங்களை வரச் சொல்றேன். நீங்களே பாருங்க."

முதல் பையன் உள்ளே வந்தான்.

"வா வா, சீக்கிரம். கையை நீட்டு. ஏன் நடுங்குது? இந்தக் கையை வெச்சுக்கிட்டுத் துப்பாக்கி பிடிக்கப் போறியா?"

அழுத்தம் நூற்று ஐம்பத்தெட்டு. அடுத்தவனுக்கும் எகிறியது. மூன்றாமவனுக்கு இன்னும் அதிகம்.

"பாத்தீங்களா சார்?" பெரிய டாக்டருக்குக் குரலே பூரித்துப்போனது.

மேஜர் அட்டெண்டரைக் கூப்பிட்டு, ரத்த அழுத்தம் பார்த்த அந்த மெஷினை அப்படியே பக்கத்து அறைக்குத் தூக்கி வரச் சொன்னார். மூன்று பையன்களும் பின்னாலேயே போனார்கள்.

பெரிய டாக்டர் கதவோரம் நின்றுகொண்டார். இன்றைக்கு வசமாக மாட்டினாள் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"இதுலயே இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றார் மேஜர்.

சின்ன டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. "வாப்பா, நல்லா சாஞ்சு உக்காரு. உடனே ஒண்ணும் பாக்கப் போறதில்ல. வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"அம்மாவும் ரெண்டு தங்கச்சியும் மேடம்."

"உன்னைப் படுத்தி எடுப்பாங்களே?"

பையன் சிரித்துவிட்டான். "என் சைக்கிள் அவங்ககிட்டதான் மேடம் இருக்கு. கேட்டா சண்டைக்கு வருவாங்க."

"சரி, இப்போ கொஞ்ச நேரம் பேசாம இரு."

பேசாமல் இருந்தான். அவளும் பேசாமல் இருந்தாள். அப்புறம்தான் கைப்பட்டையைச் சுற்றினாள்.

நூற்றுப் பதினெட்டு. மேஜர் குனிந்து தானே எண்ணைப் பார்த்துக்கொண்டார். மற்ற இருவருக்கும் அப்படித்தான் வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் பெரிய டாக்டர் மேஜரை விடவில்லை. "ஏதோ வித்தை பண்றாங்க சார். இருக்கட்டும், என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. போன வாரம் இதுக்குன்னே என்னை வந்து பாத்தாங்க."

"எனக்குத் தெரியும் சார். போட்டுக் கொடுக்காம இருந்தாத்தான் அதிசயம்."

"உங்க ரூம்ல பசங்க திரும்பிப் போறது உங்க தப்பு இல்லையாம். மெஷின் பழுதாம். புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு, தலைமை டாக்டரா உங்களையே போடணும்னு கேட்டுக்கிட்டாங்க."

பெரிய டாக்டர் தன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின்ல ஒரு பழுதும் இல்லன்னு இப்போ நீங்க புகார் சொல்லிப் பாக்க வெச்சப்புறம்தான், டாக்டர், எனக்கே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மேஜர் படியிறங்கினார்.