நாலாவது ஆள்

முத்துப்பேட்டையில லத்தீஃபா வீட்டுக்கு அன்னைக்கு மத்தியானம் ஜுபைர் வந்தான். வெளியூர்க்காரன். அவ மகன் ஷஹ்பாஸுக்குப் போதை மாத்திரை கொண்டாந்து குடுக்கறவன் அவன்தான். "வீட்ல விருந்து, கூட்டத்தோட கூட்டமா வந்துடு, மாத்திரையும் கொண்டா"ன்னு ஷஹ்பாஸ் போன்லேருந்து மெசேஜ் வந்திருந்துச்சு.

வாசல்ல பந்தல், உள்ள நெய்ச்சோத்து வாசனை. ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கல பாருங்க, அதான் அவனுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

"மாமி, ஷஹ்பாஸ் எங்க?"

"எந்நேரமும் உன் பேரத்தான் சொல்லிட்டிருந்தான். மொதல்ல சாப்புடு, வா தம்பி."

சஹன்னா ஒரே தட்டைச் சுத்தி நாலு பேரு உக்காந்து சாப்புடணும். அங்க மூணு பேரு சோத்துல கை வைக்காம காத்துக்கிட்டிருந்தாங்க. நாலாவதா இவன் உக்காந்தான்.

"என்ன மாமி, அவனுக்கு நிக்காஹ் பேசியாச்சா?"

லத்தீஃபா ஒரு கறித்துண்டை அவன் பக்கமாத் தள்ளிவிட்டா.

"அவன் எறந்து இன்னைக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா தம்பி."

எடுத்த சோத்தை அவன் தட்டுலயே போட்டுட்டான். "அப்ப இத்தன நாளா எனக்கு மெசேஜ் போட்டது...?"

அவ முந்தானையிலேருந்து ஷஹ்பாஸ் போனை எடுத்து அவன் முன்னாடி வச்சா.

"நீ சாப்புடு. இவங்க மூணு பேரும் போலீசுதான். நீ கை கழுவுற வரைக்கும் பொறுத்துக்கறதாச் சொல்லியிருக்காங்க."