ஐந்தடிக்கு அப்பால்

முகைதீன் பாய் மூன்று லென்ஸ்களையும் மேசைமேல் துணி விரித்து வைத்தார்.

"ஒண்ணுதான் தருவேன் மாப்ள. நல்லா ரோசிச்சு எடு. ரோசிச்சுக்கிட்டே விடிய வச்சிராத."

தாராவியில் அவருடையது கேமரா ரிப்பேர் கடை. நான் பகலில் மாதுங்காவில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் தாதரில் புகைப்பட வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாதேரான் மலைக்குப் போக அவரிடம் கேமரா இரவல் கேட்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் கோமதியும் மட்டும் போகிற முதல் பயணம்.

எங்கள் வீடு ஒரே அறை. அம்மா, தம்பிகள், நாங்கள். அத்தனை பேர் எதிரில் மனைவியைப் படம் பிடிக்க எனக்குத் தைரியம் கிடையாது. மலையில் அவளை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும்.

குட்டை லென்ஸில் மலை முழுவதும் விழும், ஆள் எறும்பாகிவிடும். நீளமானதில் ஆள் நிறைவாக விழுவாள், மலை போய்விடும். ஒவ்வொன்றாக மாட்டித் தெருவைப் பார்த்தேன். முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன்.

"நீ யாரை எடுக்கப்போறே? மலையையா, ஆளையா?"

"ரெண்டையும்தான் பாய்."

"அப்ப நடுவுல உள்ளத எடு. கல்யாண வீடு, காடு, கடற்கரை, எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும்."

வகுப்பிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நான் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கோமதி எனக்குப் பின்னால்தான் நடப்பாள். எங்கள் தெருப் பெண்கள் புருஷனோடு போவது அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் மார்க்கெட்டுக்குப் போனாலும் எங்களுக்கு நடுவே ஒரு கைவண்டி புகுந்து போகலாம். மலையிலும் அதே தூரத்தில்தான் வருவாள். நான் சட்டென்று திரும்பினால், அந்தத் தூரத்துக்கு நீள லென்ஸ்தான் சரி. அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்புவதற்குள் எடுத்துவிடலாம்.

நீளமானதை எடுத்துக்கொண்டேன்.

"இது அஞ்சடிக்குள்ள எதையும் காட்டாது, எல்லாம் கலங்கிப் போயிரும். பொறவு வந்து என் லென்ஸைக் குத்தம் சொல்லாத" என்றார் பாய்.

"அஞ்சடிக்குள்ள யாரும் வரமாட்டாங்க பாய்."

ஞாயிற்றுக்கிழமை சயான் ஸ்டேஷன் வரை கோமதி என் பின்னாலேயே வந்தாள். ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நேரலில் இறங்கி மலை ரயிலுக்கு மாறியபோதுதான் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் சோற்றுத் தூக்குவாளியை வைத்தாள்.

மேலே செம்மண் பாதை. மோட்டார் சத்தமே இல்லை. நான் முன்னால் நடந்தேன். குரங்கை எடுத்தேன். குதிரையை எடுத்தேன். கோமதியை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், அடுத்த வளைவில் வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்குமோ என்று தோன்றியது.

ஃபிலிமில் கடைசிப் படம்தான் மிச்சம் இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

"இங்க நம்ம தெருக்காரங்க யாரும் இல்லல்லா?"

"யாரும் இல்ல."

செருப்புச் சத்தம் இப்போது வேகமாக வந்தது. இதுதான் சமயம் என்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே திரும்பினேன்.

ஒரே கலங்கல். லென்ஸின் வளையத்தைக் கடைசிவரை திருகினேன். அப்போதும் கலங்கல்தான்.

கேமராவை இறக்கினேன். கோமதி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவளும் கூடவே வந்தாள். இன்னும் நகர்ந்தேன்.

"எங்க போறிய?" என்று சிரித்துக்கொண்டே ஒட்டி வந்தாள்.

'பின்னால போய் நில்லு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. அந்த ஒரு நாள் அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேமராவை மறுபடி தூக்கி, அப்படியே அமுக்கினேன்.

அடுத்த வாரம் பாய் படங்களைக் கழுவிக் கொடுத்தார். அம்மா வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"குரங்கு இருக்கு, குதிரை இருக்கு. கூட வந்தவள எங்கலே?"

லென்ஸைத் தப்பாகத்தான் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று அப்போது நிச்சயமாகத் தோன்றியது.

அம்மா கடைசிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். வெளுப்பும் கறுப்புமாகப் புகை மாதிரி என்னவோ இருந்தது. "இது என்னது?"

கோமதி அடுப்பருகிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குதிரைதான் அத்தை. ரொம்பக் கிட்ட வந்துட்டு போல."

"கெட்டுப்போனத வச்சு என்ன செய்ய" என்று அம்மா அதை அடுப்புப் பற்றவைக்கிற காகிதங்களோடு போட்டாள்.

எல்லாரும் தண்ணீர்க் குழாய்க்குப் போன நேரம் பார்த்துக் காகிதங்களைக் கிளறினேன். படம் இல்லை. எரிந்துவிட்டதோ என்று சாம்பலையும் தள்ளிப் பார்த்தேன்.

கோமதி குடத்தோடு உள்ளே வந்தாள். சாம்பல் படிந்த என் கையைப் பார்த்தாள். குடத்தை இறக்கிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியிடம் போனாள்.

அதன் பின்னாலிருந்து வெள்ளையாக ஓர் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு, தலை வாரத் தொடங்கினாள்.