செல்லாத ஆட்டம்

"படம் கிழிஞ்சுடுச்சு! இந்த ஆட்டம் செல்லாது!"

மாமனார் கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டார். திரையில் மருமகளின் சிவப்புக் கார் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றது. அவருடைய நீலக் கார் எங்கேயோ பின்னால், மழையில், தடுப்புச் சுவரை முட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, நான் ஜெயிச்சுட்டேன்."

"எங்கம்மா ஜெயிச்சே? கடைசி வளைவுல ரோடு மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கம் போச்சு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ரோடே ரெண்டாப் போனா எவன் ஓட்டுவான்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். கேம் பெட்டி புதுசு, டிவி பழசு. ஆட்டத்துக்குள் மழை, கார்க் கூட்டம் என்று வந்துவிட்டால் பெட்டி படங்களைச் சீராக அனுப்பத் திணறும். டிவியோ எதைப் பற்றியும் கவலைப்படாமல் விநாடிக்கு அறுபது தடவை திரையை மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே பழைய படம், கீழே புதுப் படம் என்று நடுவில் ஒரு வெட்டு விழும். மூன்று வாரமாக அவள் ஜெயிப்பதும், அந்த வெட்டைக் காட்டி அவர் ஆட்டத்தைக் கலைப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஜெயித்த நாட்களில் மட்டும் படம் கிழிந்ததாகப் புகாரே இல்லை!

"நீதான் தையல்காரியாச்சே. இந்தக் கிழிசலைத் தைச்சுக் குடு, ஒத்துக்கறேன்" என்றார் மாமனார், மீசைக்குள் சிரித்தபடி.

"தைச்சுட்டா?"

"கிழியாத படத்துல தோத்தா, தோத்ததுதான்."

சமையலறையில் கணவன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. அவர்கூடப் போய் மல்லுக்கு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"இல்ல."

"அவரை ஜெயிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போற?"

"முதல்ல ஜெயிக்கறேன். அப்புறம் சொல்றேன்."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

மறுநாள், சனிக்கிழமை. கேம் பெட்டியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு டிவி கடைக்குள் நுழைந்தாள்.

"இதைப் பாருங்க மேடம், கலர் சும்மா கண்ணைப் பறிக்கும்" என்றான் விற்பனையாளன்.

"கண்ணு என்கிட்டயே இருக்கட்டும். பெட்டி மெதுவா படம் அனுப்பினா டிவியும் மெதுவா மாத்தணும். வேகமா அனுப்பினா வேகமா மாத்தணும். அது இதுல உண்டா?"

அவன் திருதிருவென்று விழித்தான். மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இருக்குன்னுதான் போட்டிருக்கு" என்றார்.

"போட்டிருந்தா போதாது."

பையிலிருந்து கேம் பெட்டியை எடுத்து அவளே மாட்டினாள். அதே மழை, அதே வளைவு. ஐந்தாவது டிவியில்தான் ரோடு கிழியாமல் வந்தது. அதற்குள் வேறு எதையோ வாங்க வந்தவர்களெல்லாம் அவள் பின்னால் கூடிவிட்டார்கள்.

"வியாழக்கிழமை டெலிவரி பண்ணிடறோம் மேடம்."

"நாளைக்கு."

"ஞாயித்துக்கிழமை வண்டி வராதுங்க."

"நாளையைத் தாண்டினா எனக்கு அந்த டிவியே வேணாம். நான் வண்டி பிடிச்சுக்கறேன். தூக்கி வைக்க ஒரு ஆள் மட்டும் குடுங்க."

ஞாயிறு மதியம் புது டிவி கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. முதல் ஆட்டம். கடைசி வளைவு. திரையின் நடுவே பளிச்சென்று ஒரு வெட்டு.

"பாத்தியா! புதுசுலயும் கிழியுது!" மாமனார் கைதட்டினார்.

கடையில் கிழியவில்லையே! மண்டியிட்டு உட்கார்ந்து டிவியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அந்த வசதி அணைந்து கிடந்தது. கடையில் இருந்ததில் யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். புதுசில் நாம்தான் போட வேண்டும் போலிருக்கிறது. போட்டாள். கேம் பெட்டியிலும் ஒரு தடவை சரிபார்த்தாள்.

"இப்ப வாங்க மாமா."

"கை வலிக்குதும்மா."

"எனக்கும்தான் வலிக்குது. வாங்க."

மழை கொட்டியது. இரண்டு கார்களும் உரசிக்கொண்டு ஓடின. மாமனார் உண்மையான பஸ்ஸை ஓட்டுவது போல் உடம்பை வளைத்தார். கணவன்கூடக் கதவருகே வந்து நின்றுவிட்டான். கடைசி வளைவு வந்தது. கேம் திணறியது, டிவியும் அதனோடு சேர்ந்து நிதானித்தது. ரோடு முழுசாக, ஈரமாக, ஒரே துண்டாகத் திரும்பியது. சிவப்புக் கார் ஒரு முழம் முன்னால் கோட்டைத் தொட்டது.

மாமனார் திரையை மேலிருந்து கீழ்வரை தேடினார். ஒரு வெட்டும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"போதுமா? வயசான மனுஷனைத் தோக்கடிச்சாச்சு. மனசு குளிர்ந்துடுச்சா?" என்றான் கணவன்.

அவள் மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை ஏன்டா திட்டறே?" என்றார் அவர் மெதுவாக. "நீ ஆறு மாசமா கெஞ்சினே, டாக்டரும் சொல்லிப் பாத்தார், நான் அசையல. பந்தயத்துல தோத்தா வரேன்னு இவகிட்ட வாயை விட்டுட்டேன், இவ ஆஸ்பத்திரில தேதியே வாங்கி வெச்சுட்டா. நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கும்மா அந்த ஹார்ட் ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்கணும்?"

"ஏழு மணிக்கு மாமா" என்றவள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக உடைந்து அழுதாள்.