முழுக்கைச் சட்டை

“போன வாரம் மாடியில காயப்போட்ட பாசித்தாளைக் காணோமே!” கல்யாணசுந்தரி பதறினாள். புண்ணில் ஒட்டுவதற்காகக் கடல்பாசியும் மஞ்சளும் கலந்து, காரைக்குடி லேபில் அவள் காய்ச்சிய தாள்கள். நாளை டைரக்டரிடம் காட்ட வேண்டும்.

சித்திரை வெயிலிலும் நான்கு நாளாக டெரிலின் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத கணவன் முத்துராமலிங்கம் நெளிந்தான்.

“வத்தலோட கெடந்துச்சா... பொரிச்சுட்டேன்.”

“எல்லாத்தையுமா பொரிச்சீக?”

“போட்டதுமே எண்ணெய் தெறிச்சுருச்சு. அப்புறந்தான் ஒன்னோட புண்ணுத்தாளுன்னு தெரிஞ்சுச்சு. ஒண்ணு மட்டும் மிச்சம்.”

“எங்குட்டு இருக்கு?”

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். முன்கையில் மஞ்சள் தாள். “தெறிச்ச எடத்துல ஒட்டிக்கிட்டேன்.”

அவள் ஓரத்தை மெல்ல உரித்தாள். சீழ் இல்லை, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மினுங்கியது. துள்ளிக் குதித்தாள்.

“நாளைக்கு லேபுக்கு நீங்களும் வாரீக!”

“மன்னிப்புக் கேக்கவா?”

“உங்களைத்தான் காட்டப்போறேன். அரைக்கைச் சட்டை போட்டுக்கங்க!”